கூகுள் மோட்டரோலாவை வாங்கியது எதற்கு? கோவைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பம்ப், கிரைண்டர், தறி உதிரிப் பாகம் செய்கிறவர்களுக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் தொழில். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் யாராவது ஒருவர் கூகுள், மோட்டரோலா கதையை எடுத்துவிடுவார். சிலருக்கு அது 'வெறும் காகிதத்துக்கு ஐம்பதாயிரம் கோடி கொடுத்தான்' என்ற கதை. சிலருக்கு 'வாங்கிய வேகத்தில் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டான்' என்ற கதை. முதலாவதை நம்பி வீண் விண்ணப்பங்களைக் குவித்தவர்களும் உண்டு, இரண்டாவதை நம்பி நல்ல கண்டுபிடிப்பை அப்படியே விட்டவர்களும் உண்டு. இரண்டுமே முழுக் கதை இல்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஏனுங்க, மொதல்ல என்னதான் நடந்துச்சு? சுருக்கமா சொல்லுங்க.

2011 ஆகஸ்ட் 15 அன்று, மோட்டரோலா மொபிலிட்டியை 1,250 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக கூகுள் அறிவித்தது. அன்றைய நம் பணத்தில் 56,000 கோடி ரூபாய்க்கு மேல். பங்கு ஒன்றுக்கு 40 டாலர். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சந்தை விலையைவிட 63% கூடுதல். பல நாட்டு அனுமதிகள் வந்து, 2012 மே 22 அன்று கை மாறியது. 2014 ஜனவரியில் கைபேசித் தொழிலை சீனாவின் லெனோவோவுக்கு 291 கோடி டாலருக்கு விற்பதாகச் சொன்னார்கள், அக்டோபர் கடைசியில் அதுவும் முடிந்தது. காப்புரிமைகளில் பெரும்பகுதியை கூகுள் தன்னிடமே வைத்துக்கொண்டது. லெனோவோவுக்குப் போனது சுமார் 2,000 மட்டுமே, மற்றவற்றுக்கு லைசென்ஸ்.

விற்கப்பட்டது பழைய மோட்டரோலா முழுவதும் இல்லை. 2011 ஜனவரியிலேயே அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. போலீஸ் வாக்கிடாக்கி போன்றவற்றைச் செய்யும் மோட்டரோலா சொல்யூஷன்ஸ் தனி நிறுவனம். கூகுள் வாங்கியது கைபேசியும் கேபிள் டிவி பெட்டியும் செய்த பாதியை.

பேட்டண்ட் இருந்தா அந்தப் பொருளை நாம தைரியமா செய்யலாம்னு அர்த்தம்தானுங்களே?

இல்லை. மற்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை என்பதால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காப்புரிமை என்பது 'நீ செய்யாதே' என்று அடுத்தவரைத் தடுக்கும் உரிமை. 'நான் செய்யலாம்' என்ற அனுமதி அதில் எங்கேயும் கிடையாது.

தோட்டம் உங்கள் பேரில் கிரயமாகியிருக்கும். ஆனால் வண்டித்தடம் பக்கத்துக்காரர் காட்டுக்குள் போகும். அவர் தடத்தை மறித்தால் உங்கள் பத்திரத்தை வைத்துக்கொண்டு வாழைத்தாரை வெளியே கொண்டுவர முடியாது. அவர் தண்ணீர்க் குழாய் உங்கள் காட்டு வழியே போகிறதென்றால் மட்டும் பேச்சுவார்த்தைக்கு வருவார். கைபேசித் தொழிலில் நிலைமை அதுதான். ஒரே போனுக்குள் ஆன்டெனா, அழைப்பு, வீடியோ, தொடுதிரை என்று ஆயிரக்கணக்கான காப்புரிமைகள், பல பேர் கையில். உங்களைத் தடுக்கிறவரைத் திருப்பித் தடுக்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

கூகுள்கிட்ட இல்லாத இன்ஜினியரா? அவங்களே பேட்டண்ட் போட்டுக்க வேண்டியதுதானே?

புதிதாகப் போடலாம், பழைய தேதியில் போட முடியாது. யார் முதலில் விண்ணப்பித்தார்கள் என்பதுதான் கணக்கு. கூகுள் தொடங்கியதே 1998இல். ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வந்தது 2008இல். மோட்டரோலாவோ 1928இலிருந்து ரேடியோ தொழிலில் இருந்தது. கையில் பிடித்துப் பேசும் போனில் 1973இல் முதல் அழைப்பைப் பேசிக் காட்டியதும் அவர்கள் பொறியாளர்தான். அந்த அனுபவத்தின் தேதிகளைக் காசு கொடுத்து வாங்கத்தான் முடியும்.

2010இல் ஆண்ட்ராய்டைச் சுற்றி வழக்குகள் குவிந்தன. ஆப்பிள் ஆண்ட்ராய்டு போன் செய்யும் எச்.டி.சி. மீதும், ஆரக்கிள் கூகுள் மீதும், மைக்ரோசாஃப்ட் மோட்டரோலா மீதும் போட்டன. வழக்கே வேண்டாம் என்று எச்.டி.சி. மைக்ரோசாஃப்டுக்கு ராயல்டி கொடுக்க ஒப்புக்கொண்டது. கூகுள் இலவசமாகக் கொடுத்த மென்பொருளுக்கு, போன் செய்கிறவர் மைக்ரோசாஃப்டுக்குப் பணம் கட்டினார். அது பரவினால் 'இலவசம்' என்ற பேச்சுக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

இன்னொரு பயமும் இருந்தது. மோட்டரோலாவின் பெரிய பங்குதாரரான கார்ல் ஐகான், காப்புரிமைகளைத் தனியாகப் பணமாக்க வழி பாருங்கள் என்று 2011 ஜூலையில் நெருக்கினார். அந்தக் குவியல் எதிர்த்தரப்பின் கைக்குப் போயிருந்தால் ஆண்ட்ராய்டு மேல் இன்னொரு பக்கமிருந்தும் அடி விழுந்திருக்கும்.

ஏதோ ஏலத்துல கூகுள் பை நம்பரை வெச்சு விலை கேட்டுச்சாமே, நெசமா சார்? (பீளமேட்டில் ஒரு கல்லூரி மாணவி)

நிஜம்தான். திவாலான கனடா நிறுவனம் நார்டெல்லின் சுமார் 6,000 காப்புரிமைகள் 2011 ஜூன் கடைசியில் ஏலத்துக்கு வந்தன. கூகுள்தான் 90 கோடி டாலர் என்று முதலில் விலை வைத்தது. ஏலம் ஏறும்போது 190,21,60,540 டாலர் என்றும், 261,49,72,128 டாலர் என்றும் கேட்டார்கள். முன்னது புரூன் மாறிலி, பின்னது மெய்சல்–மெர்டன்ஸ் மாறிலி. இரண்டும் பகா எண்கள் பற்றிய கணிதத்தில் வருபவை. பிறகு பை: 314.159 கோடி டாலர்.

ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், ரிம் (பிளாக்பெர்ரி போன் செய்த நிறுவனம்), சோனி, எரிக்சன், இ.எம்.சி. ஆகிய ஆறும் கூட்டாகச் சேர்ந்து 450 கோடி டாலருக்கு எடுத்துவிட்டன. அறிவிப்பு வந்தது ஜூலை முதல் தேதி. மோட்டரோலா அறிவிப்பு ஆகஸ்ட் 15. இடையில் இருந்தது ஆறரை வாரம். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 63% அதிகம் கொடுத்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று புரியும். ஏலத்தில் தோற்றவர் அடுத்த சொத்தை நிதானமாகப் பேரம் பேசுவதில்லை.

மோட்டரோலாகிட்ட 17,000 பேட்டண்ட், விலை 1,250 கோடி டாலர். அப்ப ஒண்ணு ஏழு லட்சம் டாலருக்கு மேல வருதுங்களே! என்கிட்டயும் ரெண்டு இருக்குதுங்க.

இந்த வகுத்தல்தான் எங்கள் பக்கம் நிறையப் பேரைக் கெடுக்கிறது. கூகுள் தன் ஆண்டறிக்கையில் எழுதிய கணக்கைப் பாருங்கள். கடைசியில் கொடுத்த விலை 1,240 கோடி டாலர். அதில் 290 கோடி, மோட்டரோலாவின் கையிருப்பில் இருந்த ரொக்கம். காப்புரிமைக்கும் உருவாக்கி வைத்திருந்த தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து 550 கோடி. நற்பெயர் (குட்வில்) என்ற தலைப்பில் 260 கோடி, வாடிக்கையாளர் தொடர்புக்கு 73 கோடி, மற்ற சொத்து 67 கோடி. பாதிக்கும் குறைவான தொகைதான் காப்புரிமைப் பக்கம் வருகிறது. 17,000 தவிர, அனுமதிக்குக் காத்திருந்த 7,500 விண்ணப்பங்களும் அதில் அடக்கம்.

அதையும் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண் யாருக்கும் உதவாது. ஒரு குவியலில் வழக்குக்கு நிற்பவை சில டஜன்தான் தேறும். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் லேமினேட் செய்த காப்புரிமைச் சான்றிதழைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முத்திரை, எண், தேதி எல்லாம் சரி. பதிவேட்டில் பார்த்தால் மூன்றாம் வருடத்திலிருந்து கட்ட வேண்டிய புதுப்பிப்புக் கட்டணம் ஒரு தடவைகூடக் கட்டப்படவில்லை. உரிமை எப்போதோ காலாவதி. காலாவதியான தேதியிலிருந்து 18 மாதத்துக்குள் வந்திருந்தால் மீட்க விண்ணப்பித்திருக்கலாம்.

1,250க்கு வாங்கி 291க்கு வித்தா 900 கோடிக்கு மேல நஷ்டமுங்களே? அதை ஏன் யாரும் சொல்றதில்லை?

கணக்கில் சில வரிகள் விட்டுப்போயிருக்கின்றன. கடைசியில் கொடுத்த 1,240 கோடியிலிருந்து, மேலே சொன்ன 290 கோடி ரொக்கத்தைக் கழியுங்கள். கேபிள் பெட்டித் தொழிலை 2013இல் ஆரிஸ் நிறுவனத்துக்குச் சுமார் 235 கோடி டாலருக்கு விற்றார்கள், அதையும் கழியுங்கள். லெனோவோவின் 291 கோடியையும் கழித்தால் மிச்சம் 420 கோடி சொச்சம். காப்புரிமைக்கு அவர்களே போட்ட 550 கோடியைவிட அது குறைவு.

ஆனால் இதை வைத்து 'கெட்டிக்கார வியாபாரம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த இரண்டு வருடமும் கைபேசித் தொழில் நஷ்டத்தில் ஓடியது. அது இந்தக் கழித்தலில் வராது. 2012 ஆகஸ்டில் மட்டும் சுமார் 4,000 பேரை, அதாவது ஐந்தில் ஒருவரை, வீட்டுக்கு அனுப்பினார்கள். டெக்சாஸில் மோட்டோ எக்ஸ் போனைக் கோத்துக் கொடுத்த ஆலையும் 2014இல் மூடப்பட்டது. காப்புரிமைக்காக ஒரு கம்பெனியை வாங்கும்போது, அதில் வேலை செய்கிறவர்கள் கூடவே வந்த சுமையாக எண்ணப்படுகிறார்கள். இந்த வியாபாரத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

சரிங்க, வாங்குனதை வெச்சு எதிரியை அடிச்சாங்களா இல்லையா?

அடிக்கப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவு விழவில்லை. காரணம் மோட்டரோலாவின் பலமான காப்புரிமைகளில் பல, வைஃபை, ஹெச்.264 வீடியோ, அலைபேசி இணைப்பு போன்ற பொதுத் தரநிலைகளுக்குள், அதாவது எல்லா கம்பெனிக் கருவிகளும் ஒத்து இயங்குவதற்கான பொது விதிகளுக்குள், இருந்தவை. ஒரு தரநிலைக்குள் உங்கள் தொழில்நுட்பத்தைச் சேர்க்கும்போது, 'யார் கேட்டாலும் நியாயமான, பாரபட்சமில்லாத விலையில் லைசென்ஸ் தருவேன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மோட்டரோலா அப்படி எழுதிக் கொடுத்திருந்தது. பிறகு அதே காப்புரிமையைக் காட்டி 'விற்காதே' என்று மறிப்பது எப்படி?

மைக்ரோசாஃப்ட் வழக்கில் இது வெட்டவெளிச்சமானது. எக்ஸ்பாக்ஸ், விண்டோஸ் போன்றவற்றுக்கு விற்பனை விலையில் 2.25% கேட்டது மோட்டரோலா. அது வருடத்துக்கு 400 கோடி டாலரைத் தாண்டும் என்றது மைக்ரோசாஃப்ட். சியாட்டில் நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட் 2013 ஏப்ரலில் தீர்ப்பெழுதினார். வீடியோ காப்புரிமைகளுக்கு ஒரு கருவிக்கு 0.555 சென்ட், எக்ஸ்பாக்ஸில் வைஃபைக்கு 3.471 சென்ட். மொத்தம் வருடத்துக்குச் சுமார் 18 லட்சம் டாலர். கேட்டது கோடிகளில், கிடைத்தது லட்சங்களில். அதோடு விடவில்லை. ஜெர்மனியில் தடை வந்துவிடுமோ என்று மைக்ரோசாஃப்ட் தன் கிடங்கை நெதர்லாந்துக்கு மாற்றியிருந்தது. வாக்குறுதியை மீறியதற்காக அந்தச் செலவையும் வக்கீல் செலவையும் சேர்த்து 1.45 கோடி டாலர் மோட்டரோலாவே கட்ட வேண்டும் என்று அதே வருடம் செப்டம்பரில் நடுவர் குழு சொன்னது.

ஆப்பிளோடு நடந்த சண்டையிலும் அமெரிக்க நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் 2012இல் இரு தரப்பையும் வெறுங்கையோடு அனுப்பினார். ஜெர்மனியில் ஆப்பிள் மீது மோட்டரோலா தடை கேட்டது சந்தை வலிமையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று 2014 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் முடிவு சொன்னது. ஆனால் அபராதம் போடவில்லை. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் ஒருவர் மேல் ஒருவர் போட்ட வழக்குகளைக் கைவிட்டன. 2015 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டோடும் சமாதானம். இந்தச் சமாதானங்களுக்கு மோட்டரோலா குவியலும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். இரு பக்கமும் களைத்துப்போனதும் ஒரு காரணம்.

அப்ப தரநிலைக்குள்ள இருக்கிற பேட்டண்டுக்கு மதிப்பே இல்லீங்களா?

அப்படியும் சொல்லக் கூடாது. அளவான ராயல்டி கேட்டால் அது நிலையான வருமானம். எரிக்சனும் குவால்காமும் பல வருடமாக அப்படிச் சம்பாதிக்கின்றன. பணம் கொடுக்கவே மறுப்பவர் மேல் நீதிமன்றமும் இரக்கம் காட்டுவதில்லை.

காந்திபுரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர்களுக்கு 2014 டிசம்பர் நினைவிருக்கும். எரிக்சன் போட்ட வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் ஷாவ்மி போன்களின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் திடீரென்று தடை போட்டது. சில நாளில், குவால்காம் சிப் உள்ள போன்களை மட்டும் ஒன்றுக்கு 100 ரூபாய் வைப்புத்தொகை கட்டி விற்கலாம் என்று தளர்த்தியது. மீடியாடெக் சிப் வைத்த மாடல் நின்றுபோனது. கடைக்காரருக்குப் பெட்டி ஒன்றுதான். உள்ளே எந்த சிப் என்பதைப் பொறுத்து சரக்கு நகர்ந்தது அல்லது முடங்கியது.

கம்பெனியையே எதுக்கு வாங்கணும்? பேட்டண்டை மட்டும் பிரிச்சு வாங்க முடியாதுங்களா?

முடியும். நார்டெல் ஏலம் அப்படித்தான். 2011இல் ஐ.பி.எம்.மிடமிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட காப்புரிமைகளை கூகுள் தனியாகத்தான் வாங்கியது. ஆனால் தொழில் ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனி, தன்னைக் காக்கும் காப்புரிமையை விற்றுவிட்டு நிராயுதபாணியாக நிற்க விரும்பாது.

மைக்ரோசாஃப்ட்–நோக்கியா வியாபாரம் இதற்கு நேர் எதிர். 2013 செப்டம்பரில் அறிவித்த 544 கோடி யூரோவில் 379 கோடி கைபேசித் தொழிலுக்கு, 165 கோடி காப்புரிமைகளைப் பத்து வருடம் பயன்படுத்தும் லைசென்ஸுக்கு. காப்புரிமை நோக்கியாவிடமே தங்கியது. கூகுள் காப்புரிமையை வைத்துக்கொண்டு தொழிலை விற்றது. நோக்கியாவும் அதையேதான் செய்தது. தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் 2015இல் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளியது. வரித் தகராறால் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நின்ற ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் முதல் தேதி நின்றது. நம் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே ஷிப்ட் பார்த்தார்கள்.

மத்த ஆண்ட்ராய்டு கம்பெனிக்காரங்க கோவிச்சுக்கலையா? கூகுளே போன் செஞ்சா அவங்க கதி?

அறிவிப்பு வந்த அன்று சாம்சங், எச்.டி.சி., எல்.ஜி., சோனி எரிக்சன் தலைவர்கள் வரவேற்றே பேசினார்கள். மனசுக்குள் சங்கடம் இருந்திருக்கும். அதே கேள்வியைக் கேட்ட சீன அரசு, ஆண்ட்ராய்டை ஐந்து வருடம் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் 2012 மே மாதம் அனுமதி தந்தது.

எங்க பட்டறைப் பேட்டண்டைப் பெரிய கம்பெனிக்கு விக்க முடியுங்களா? என்ன பாப்பாங்க?

கிளெய்மை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் எழுதிய வரிகளைப் பார்ப்பார்கள். படமும் விளக்கமும் அடுத்த வரிசைதான். உதாரணத்துக்கு, சாய்க்கும் கிரைண்டருக்கு ஒருவர் விண்ணப்பம் எழுதுகிறார் என்று வையுங்கள். முதல் கிளெய்மில் 'இரண்டு பக்கமும் நான்கு போல்ட்டால் பொருத்திய தாங்கி' என்று எழுதிவிட்டார். எதிராளி மூன்று போல்ட் போட்டு, நாங்கள் வேறு என்பான். 'நழுவாமல் பொருத்திய தாங்கி' என்று எழுதியிருந்தால் அந்தச் சந்து இருக்காது. எழுதுபவர் அவசரப்பட்டால் கண்டுபிடிப்பு நன்றாக இருந்தும் காகிதம் உதவாது.

பஜாஜுக்கும் ஓசூர் டி.வி.எஸ்.ஸுக்கும் நடந்த இரட்டை ஸ்பார்க் பிளக் வழக்கிலும் இதுதான் அடிதடி. டி.வி.எஸ். ஃபிளேம் எஞ்சினில் வால்வு மூன்று, பஜாஜ் சொன்னது வேறு அமைப்பு என்று வாதாடினார்கள். 2008 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது, 2009இல் தடை நீங்கியது, 2019இல்தான் சமரசம். வாங்குகிறவர் அடுத்துக் கேட்பது, 20 வருடத்தில் எத்தனை வருடம் பாக்கி, புதுப்பிப்புக் கட்டணம் கட்டியாயிற்றா, யாருக்காவது ஏற்கெனவே லைசென்ஸ் கொடுத்திருக்கிறீர்களா என்பவை. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது.

பையன் ஃபைனல் இயருங்க. மொபைல் ஆப் ஒண்ணு பண்ணிருக்கான். பேட்டண்ட் போட்டா யாராவது வாங்குவாங்களா தம்பி?

வெறும் மென்பொருளுக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது; காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே) அதை விலக்குகிறது. கருவியோடு சேர்ந்து புதிய தொழில்நுட்ப விளைவு ஏதாவது தருகிறதென்றால் வாதாட இடம் உண்டு. தனி ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். ஆய்வுக் கட்டணமும் எழுதும் கூலியும் தனி.

அதைவிட முக்கியம், விண்ணப்பம் போடும் முன் கொடிசியா கண்காட்சியிலோ கல்லூரி எக்ஸ்போவிலோ வைக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகள் தவிர வேறெங்கு காட்டினாலும் 'புதியது' என்ற தகுதி போய்விடக்கூடும். முழு விவரம் தயாரில்லை என்றால் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழுமையாகத் தரலாம்.

ஈரோட்டு மஞ்சள், கோயமுத்தூர் கிரைண்டருக்கு வாங்குன குறியீட்டையும் ஒரு பெரிய கம்பெனி வளைச்சுட்டா?

முடியாது. புவிசார் குறியீடு ஊருக்கும் அங்கே உற்பத்தி செய்கிறவர்களுக்கும் சொந்தம். அதை விற்கவோ, லைசென்ஸ் விடவோ, அடமானம் வைக்கவோ சட்டமே இடம் தரவில்லை. மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுத்தார்கள், நம் அரசு ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஆதாரங்களைக் காட்டி 1997இல் ரத்து செய்ய வைத்தது. அந்தப் பயம் மனதில் இருப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது என்று தெரியும். குறியீடு வேறு, காப்புரிமை வேறு.

கம்பெனி கை மாறுனா, பழைய முதலாளி குடுத்த வாக்கு புது முதலாளியைக் கட்டுமா?

கட்டும். மோட்டரோலா தரநிலை அமைப்புகளுக்கு எழுதிக் கொடுத்ததைத் தானும் மதிப்பதாக, கைமாறும் முன்பே 2012 பிப்ரவரியில் கூகுள் கடிதம் எழுதியது. தான் வாங்கும் ஆயுதம் முனை மழுங்கியது என்று அதற்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் வாங்கும் பக்கம் இருந்தாலும், கொடுத்த லைசென்ஸ்களின் பட்டியலைப் பணம் கொடுக்கும் முன் எழுத்தில் கேளுங்கள்.

பேட்டண்ட்ல என் பேரோட, பேட்டர்ன் செஞ்சு குடுத்த பையன் பேரும் இருக்குதுங்க. அவன் இப்ப வேலையை விட்டுப் போயிட்டான். நான் மட்டும் கையெழுத்துப் போட்டு வித்துடலாமுங்களா?

விற்க முடியாது. இரண்டு பேரும் உரிமையாளராகப் பதிவாகியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை இருவருக்கும் சமபங்கு. ஆளுக்கு ஆள் தனியாக அந்தப் பொருளைச் செய்து விற்கலாம். ஆனால் அடுத்தவர் சம்மதமில்லாமல் லைசென்ஸ் கொடுக்கவோ பங்கை விற்கவோ முடியாது. அவர் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மட்டும் இருந்து, உரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் சிக்கல் இல்லை. எது என்று பதிவேட்டில் முதலில் பாருங்கள்.

உரிமையாளராகவே இருந்தால் அவரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். வாங்குகிறவர் வந்து உட்கார்ந்த பிறகு போனால் அவர் கேட்கும் தொகையே வேறாக இருக்கும். அவர் உழைப்பும் அதில் இருக்கிறது என்பதால், நியாயமான ஒரு பங்கை முதலிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். உரிமை மாற்றப் பத்திரத்தை முத்திரைத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, கிண்டி காப்புரிமை அலுவலகப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, அதற்கப்புறம் வாங்குகிறவரைக் கூப்பிடுங்கள்.